நீங்காத பெயர்: உடற்குறையுடையோருக்குச் சமுதாயம் இட்ட அடையாளங்களின் வரலாறு

பெயரிடுதல் மனிதனுக்குக் கடவுள் அளித்த முதற்பணிகளுள் ஒன்று என்று ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் காட்டுகிறது. விலங்குகளும் பறவைகளும் மனிதனிடம் கொண்டுவரப்பட்டன; அவன் அவற்றிற்குப் பெயரிட்டான். மனிதன் மனிதனுக்குப் பெயரிடத் தொடங்கியபோதோ அப்பணி ஆட்சியாக மாறிற்று. பெயரிட்டவர் எழுதுகோலைப் பிடித்தவரானார். பெயர் பெற்றவர் ஏட்டில் எழுதப்பட்டவரானார். இவ்விருவருக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருளாகும்.

உடலிலோ மனத்திலோ குறையுடையவர்களை எவ்வாறு அழைப்பது என்பது குறித்துக் கடந்த சில பத்தாண்டுகளில் நிறையப் பேசப்பட்டுள்ளது. குருடர், செவிடர், முடவர் என்னும் பழஞ்சொற்கள் ஊனமுற்றோர் என்னும் பொதுச்சொல்லுக்கு இடங்கொடுத்தன. அச்சொல்லும் 2010-க்குப் பின் மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல்லுக்கு இடங்கொடுத்தது. இம்மாற்றங்கள் வரவேற்கத்தக்கவையே. எனினும், சொல் மாறியதால் நிலை மாறிற்றா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இதற்கு விடைகாணத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு நமக்கு உதவும். அங்கே அரசு ஒரு சமுதாயம் முழுமைக்கும் இழிபெயர் ஒன்றைச் சூட்டிற்று, அதனை ஏட்டில் எழுதிற்று, பின்னர் அழித்தது. அழிக்கப்பட்ட அப்பெயர் என்னவாயிற்று என்பதை அறிவோமாயின், உடற்குறையுடையோர் தாங்கிவரும் பெயர்களைப் பற்றியும் தெளிவு பிறக்கும். பழஞ்சொற்கள் இக்கட்டுரையில் வரும் இடங்களில் அவை வரலாற்றுச் சான்றாகவே ஆளப்படுகின்றன.

1. பழந்தமிழ் நூல்களில்

குறைகளை வகைப்படுத்தி எண்ணும் வழக்கம் ஆங்கிலேயர் கொணர்ந்தது அன்று. புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைக்கையில், மாந்தர் பிறப்பில் நேரும் எட்டுக் குறைகளை வரிசைப்படுத்துகிறார். காணாமை, கேளாமை, பேசாமை, கூன், குறுவடிவம் முதலியன அவற்றுள் அடங்கும். அத்தகைய பிறப்பினைப் பயனற்றதாகவே அப்பாடல் மதிப்பிடுகிறது. நாலடியாரோ ஒருபடி மேலே சென்று காரணமும் கூறுகிறது. முற்பிறப்பில் நண்டின் கால்களை முறித்துத் தின்றவனுக்கு அவ்வினையின் பயனாக இப்பிறப்பில் தொழுநோய் வந்தது என்பது அதன் விளக்கம். தொழுநோய் என்னும் சொல் எவ்வளவு பழமையானதோ, அந்நோயைப் பாவத்தோடு பிணைக்கும் மனப்பான்மையும் ஏறத்தாழ அவ்வளவு பழமையானது என்பதை இங்குக் கருத்திற் கொள்ளவேண்டும்.

இதற்கு மாறான குரலும் தமிழில் உண்டு. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம், பொறிகளின் குறைபாட்டைப் பழியாகக் கொள்ளாது, அறியவேண்டியவற்றை அறிந்து முயலாமையையே பழியாகக் கொள்கிறது. உடலின் நிலையையும் ஒருவரின் மதிப்பையும் வெவ்வேறாகப் பிரித்துக் காணும் இந்நோக்கு போற்றத்தக்கது.

வாழ்க்கை வழக்கிலோ குறையே பெயராயிற்று. சங்கப் புலவருள் ஒருவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பிற்காலத்தவர் ஒருவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். இவர்கள் புலமையால் நிலைத்தனர். ஆயினும் குறை அவர்தம் பெயருக்கு முன்னே நடக்கிறது. கட்டபொம்மனின் தம்பியின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. 1801-இல் பாளையக்காரர் போரை முன்னின்று நடத்தித் தூக்கிலிடப்பட்ட அவ்வீரரை மக்கள் ஊமைத்துரை என்றே அறிவர். அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில், மக்கள் அவர்மீது வைத்திருந்த பேரன்பை வியந்து எழுதியுள்ளார். அவ்வளவு அன்பு செலுத்திய மக்களும் அவரை அவருடைய இயற்பெயரால் நினைவில் வைக்கவில்லை. நேசமும் இழிபெயரும் ஒரே நாவில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. இன்றும் சிற்றூர்களில் கால் தாங்கி நடப்பவருக்கு அதுவே பட்டப்பெயராகி, பின்னர் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே வீட்டுப்பெயராக நிற்பதை ஆயர் பலர் அறிவர். அன்பாகத்தான் அழைக்கிறோம் என்று கூறுவோர் இவ்வரலாற்றைச் சிந்திப்பது நலம்.

2. மூன்று ஏடுகள்

ஊரார் வாயில் வழங்கும் பெயர் கொடிது. எனினும் அது வாய்ச்சொல். அடுத்த ஊருக்குச் செல்பவர் அதனை விட்டுச் செல்லவும் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம் யாதெனில், பெயர் ஏட்டில் ஏறியது. 1871-ஆம் ஆண்டளவில் தோன்றிய மூன்று ஏடுகள் இதனை நமக்குக் காட்டுகின்றன.

முதலாவது, தமிழ்த் திருமறை. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு 1871-இல் நிறைவுற்று வெளிவந்தது. நம் சபைகளின் செவியிலும் நாவிலும் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பழகிய குருடர், சப்பாணிகள், குஷ்டரோகிகள் முதலிய சொற்களை நிலைநிறுத்தியதில் இதற்குப் பெரும்பங்குண்டு. மொழிபெயர்த்தோர் எவரையும் இழிவுபடுத்தக் கருதினர் அல்லர். மக்கள் வழக்கிலிருந்த சொற்களையே அவர்கள் எடுத்தாண்டனர். ஆயினும் மறைநூலில் இடம்பெற்ற சொல்லுக்கு மறைநூலின் மதிப்பும் சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, குடிக்கணக்கு. 1871-72-இல் தொடங்கி 1931 வரை இந்தியக் குடிக்கணக்குகள் மக்களின் உடற்குறைகளையும் பதிவு செய்தன. மனநோயாளர், செவிட்டூமையர், பார்வையற்றோர், தொழுநோயாளர் என்னும் நான்கு வகுப்புகளாக அவர்கள் பிரிக்கப்பட்டனர். குடும்பத்தினர் வெட்கத்தால் பலரை மறைத்தமையால் இவ்வெண்கள் நம்பத்தக்கவையாக இல்லை. 1941-இல் இவ்வினா கைவிடப்பட்டது.

மூன்றாவது, 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். சில குலங்களில் பிறந்தோர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்னும் கொள்கையின்மேல் எழுந்த இச்சட்டம் முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் இது வந்து சேர்ந்தது.

இம்மூன்றும் நோக்கத்தால் வேறுபட்டவை. முதலாவது நற்செய்தி கூற எழுந்தது. இரண்டாவது எண்ண எழுந்தது. மூன்றாவது அடக்க எழுந்தது. எனினும், மனிதரை அவர்தம் ஒரு தன்மையால் மட்டும் அறிந்து, அத்தன்மையையே அவருக்குப் பெயராக எழுதியதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன. உடற்குறையைப் பற்றிய கட்டுரையில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொணர்வது இதனாலேயே. ஏட்டில் எழுதப்பட்ட பெயர் எவ்வாறு இயங்குகிறது என்பதை வெளிப்படையாகக் காட்டும் நிகழ்ச்சி அது.

3. கம்பம் பள்ளத்தாக்கின் அனுபவம்

1895-இல் பெரியாற்று அணை நீர் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வந்தபின் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்கள் நெல் விளையும் செழும் பூமியாயின. இப்பள்ளத்தாக்கில் குடியேறி உழுது வாழ்ந்தோருள் பிரமலைக் கள்ளர் சமுதாயத்தினரும் இருந்தனர். மதுரை மாவட்டத்தில் இச்சமுதாயத்தினர்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் 1914 தொடங்கி ஊர் ஊராகவும், பின்னர் சமுதாயம் முழுமையாகவும் ஏவப்பட்டது. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன, கைரேகைகள் பதியப்பட்டன. வெளியூர் செல்வோர் ராதாரிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. இரவில் காவலரின் பார்வையில் தங்கவேண்டிய கட்டாயமும் பலருக்கு ஏற்பட்டது. மாடு பூட்டி உழுபவனும் மாடு திருடுபவனும் அவ்வேட்டில் ஒரே பெயர் பெற்றனர்.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்திற்று. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். அவர்கள் எதிர்த்தது ஓர் ஏட்டில் தம் பெயர் ஏறுவதையே என்பது நம் சிந்தனைக்குரியது.

இம்மக்களுக்காக வாதாடியோருள் மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் குறிப்பிடத்தக்கவர். கேரளத்துச் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த இவர், 1938-இல் இறக்கும்வரை இவர்களின் உரிமைக்குத் துணைநின்றார். மக்கள் இவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டனர். அரசு அச்சமுதாயத்தினருக்கு இழிபெயர் இட்டது. அச்சமுதாயத்தினர் தமக்குத் துணைநின்றவருக்கு மலரின் பெயர் இட்டனர். பெயரிடும் உரிமை ஏடெழுதுவோருக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் இந்தியா முழுவதிலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் இதற்குப்பின் நிகழ்ந்ததே நம் ஆய்வுக்கு முதன்மையானது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்டோர், நீக்கப்பட்டோர் என்பதாலேயே சீர்மரபினர் என்னும் புதுப்பெயர் பெற்றனர். அழித்த இடத்தின் வடுவே அடையாளமாயிற்று. அவர்தம் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்னும் பெயருடனேயே பல பத்தாண்டுகள் நடைபெற்றன. சீரமைக்க வேண்டிய குறை யாரிடம் இருந்தது என்னும் வினாவை அப்பெயர்ப்பலகை எழுப்பாமல் இராது.

மற்றொரு திருப்பமும் நேர்ந்தது. கல்விக்கும் வேலைக்கும் உரிய சலுகைகள் அப்பெயருடன் இணைக்கப்பட்டபோது, பெயரைத் தாங்கியோர் அதனைக் காக்கவும் போராடினர். 1979-இல் சீர்மரபுப் பழங்குடியினர் என்பது சீர்மரபு வகுப்பினர் என்று மாற்றப்பட்டதை எதிர்த்து அவர்கள் நீண்டகாலம் குரலெழுப்பினர். 2019-இல் மாநிலத் திட்டங்களுக்கு ஒரு பெயரும், மைய அரசின் திட்டங்களுக்கு மற்றொரு பெயருமாக இருவகைச் சான்றிதழ் வழங்க ஆணை பிறந்தது. ஒரே பெயர் காயமாகவும் கதவாகவும் இருக்கக்கூடும் என்பதே இதன் படிப்பினை. காயத்தை மட்டும் காண்போர், அப்பெயரை இன்னும் ஏன் சுமக்கிறீர்கள் என்பர். கதவை மட்டும் காண்போர், பெயரால் பயன்தானே என்பர். இரண்டும் அரைகுறை விடைகள்.

4. தொழுநோயும் சட்டமும்

இப்படிப்பினையோடு உடற்குறையின் வரலாற்றுக்குத் திரும்புவோம். தொழுநோயாளர் குறித்து 1898-இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம், பிச்சையெடுக்கும் அல்லது பிழைப்புக்கு வழியற்ற நோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க அதிகாரம் அளித்தது. வீடும் பொருளும் உடைய நோயாளரை அது அவ்வாறு பிடிக்கவில்லை. நோய் ஒன்றே, பெயரின் சுமையோ ஏழையின்மீது விழுந்தது. கைரேகை ஏட்டிலும் இந்தச் சட்டத்திலும் வறுமையே பெயரை ஒட்டவைக்கும் பசையாக இருந்தது எனலாம்.

நம் முன்னோர் இத்துறையில் ஆற்றிய பணி சிறிதன்று. பெரியகுளம் உள்ளிட்ட இப்பகுதியில் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷனே மானாமதுரையருகே தயாபுரம் தொழுநோய் இல்லத்தையும் நிறுவியது. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் செவிப்புலன் இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தார். அரசு எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் எழுத்தறிவித்தனர். செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் 1940-களில் புதிய மருந்துகளைக் கையாண்டார். வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே அழுகி விழுவதில்லை என்றும், உணர்ச்சியற்ற கைகால்களில் அறியாமல் ஏற்படும் காயங்களே சிதைவுக்குக் காரணம் என்றும் விளக்கினார். தசைநாண் மாற்று அறுவையால் மடங்கிய விரல்களை இயங்கச் செய்தார். நாலடியார் காலம் முதல் வினையின் பயனாகக் கருதப்பட்டது, நரம்பின் பாதிப்பு என்று தெளிவாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் நோய் முற்றும் குணமாகக்கூடியதாயிற்று.

நோய் நீங்கிற்று, பெயர் நீங்கவில்லை. இதற்கு வேதனைதரும் சான்று, கிறிஸ்தவர்களுக்குரிய மணமுறிவுச் சட்டத்திலேயே உள்ளது. 1869-ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாக இடம்பெறவில்லை. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போதுதான் தீராத தொழுநோய் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. தீர்க்கும் மருந்து கிடைத்து இருபதாண்டுகள் கழிந்த பின்னர், தீராதது என்னும் சொல் சட்டத்தில் ஏறியது! அத்திருத்தம் கிறிஸ்தவப் பெண்களுக்கு மணமுறிவில் சமநீதி அளித்த நல்ல திருத்தம். அதற்காகத் திருச்சபையினரும் உழைத்தனர். அந்நன்மையின் ஊடே இவ்வரி நுழைந்ததைத் தடுக்கப் போதுமான குரல் எழவில்லை. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இக்காரணத்தை நம் சட்டத்திலிருந்தும் பிற சமயத்தாரின் மணச் சட்டங்களிலிருந்தும் நீக்கியது. 1898-ஆம் ஆண்டின் சட்டமும் 2016 வரை ஏட்டில் உயிரோடிருந்தது.

5. எண்ணிக்கையும் சான்றிதழும்

ஐக்கிய நாடுகள் சபை 1981-ஐ ஊனமுற்றோருக்கான அனைத்துலக ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டின் இந்தியக் குடிக்கணக்கில் நெடுங்காலத்திற்குப் பின் அவர்களைப் பற்றிய வினா மீண்டும் இடம்பெற்றது, 1991-இல் மறைந்தது, 2001-இல் மறுபடியும் வந்தது. 1995-இல் இயற்றப்பட்ட சட்டம் ஏழு குறைபாடுகளை ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் அதனை 21 ஆக உயர்த்திற்று. இச்சட்டங்களின்கீழ் வேலை ஒதுக்கீடு முதலிய முதன்மையான உரிமைகளைப் பெற, குறைபாடு நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். அதற்கு மருத்துவரின் சான்றிதழ் வேண்டும்.

இங்கே பள்ளத்தாக்கின் படிப்பினை மீண்டும் தோன்றுகிறது. சான்றிதழ் ஒரு கதவு. அக்கதவு இல்லாவிடில் ஓய்வூதியம் இல்லை, உதவித்தொகை இல்லை, ஒதுக்கீடு இல்லை. ஆயினும் அதனைப் பெறுவதற்கு ஒருவர் தம் உடலால் எது இயலாது என்பதை அலுவலரின் முன்னே மெய்ப்பிக்கவேண்டும். இயலும் என்று காட்டினால் உரிமை குறையும்; இயலாது என்று காட்டினால் மதிப்புக் குறையும். தேனி மாவட்டம் 1996-இல் மதுரையிலிருந்து பிரியும்வரை மாவட்டத் தலைநகர் மதுரையே. கூடலூரிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நடக்க இயலாதவர் நடக்க இயலாமையை மெய்ப்பிக்க எத்தனை தொலைவு பயணம் செய்யவேண்டும் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

எண்களும் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றன. 2001 குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் உடற்குறையுடையோர் ஏறத்தாழ 16.42 லட்சம்; 2011-இல் 11.79 லட்சம். இதே காலத்தில் இந்திய எண்ணிக்கையோ 2.19 கோடியிலிருந்து 2.68 கோடியாக உயர்ந்தது. பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் நாலரை லட்சம் பேர் நலம் பெற்றுவிட்டனர் என்று எவரும் கருதார். வினாக்களும் வரையறைகளும் மாறின. எடுத்துக்காட்டாக, ஒரு கண்ணில் மட்டும் பார்வையுடையோர் 2001-இல் பார்வைக் குறையுடையோராக எண்ணப்பட்டனர். 2011-இல் அவ்வாறு எண்ணப்படவில்லை. அவருடைய கண் மாறவில்லை. அவரைப் பற்றிய வினா மாறிற்று. குறை என்பது உடலில் மட்டுமன்று, அதனை அளக்கும் அளவுகோலிலும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளுள் ஒன்று தொழுநோயிலிருந்து குணமடைந்தவர் என்பது. நோயால் நேர்ந்த உறுப்புக் குறைகளுக்கு உதவி கிடைக்கவேண்டும் என்னும் நன்னோக்கத்தோடு அமைந்த வகை அது. ஆயினும், குணமடைந்தவரின் சட்டப்பெயரில் நோய் தொடர்ந்து நிற்கிறது. நீக்கப்பட்டோர் சீர்மரபினராக நிற்பதும், குணமடைந்தோர் தொழுநோயால் அறியப்படுவதும் ஒரே வரலாற்றின் இரு கிளைகள். இந்நிலையில், மாற்றுத்திறனாளி என்னும் புதுச்சொல்லும் பழைய ஏட்டிலேயே எழுதப்படுமாயின், காலப்போக்கில் பழைய சொல்லின் சுமையையே அதுவும் ஏற்கும். ஊனமுற்றோர் என்பதும் ஒருகாலத்தில் மதிப்புடைய சொல்லாகவே அறிமுகமாயிற்று என்பதை மறத்தலாகாது.

6. திருமறையின் வெளிச்சத்தில்

நீங்காத பெயரின் இச்சிக்கலைத் திருமறை அறிந்துள்ளது. பெத்தானியாவில் ஆண்டவருக்கு விருந்தளித்த சீமோனை மாற்கு 14-ஆம் அதிகாரம் அவனுடைய நோயின் பெயராலேயே குறிக்கிறது. அவன் வீட்டில் விருந்தினர் கூடிப் பந்தியமர்ந்திருத்தலால், அவன் அப்போது நோய் நீங்கியவனாகவே இருந்திருக்க வேண்டும் என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. நோய் போயிற்று, ஊரார் இட்ட பெயர் போகவில்லை. அப்பெயருடைய வீட்டிலேயே ஆண்டவர் உணவருந்தினார்.

மேலும், லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் வரும் எபிரெயச் சொல் இன்று நாம் அறிந்த தொழுநோயை மட்டும் குறிப்பதன்று. ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் கறையையும் அச்சொல்லே குறிக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக அது ஒரு குறிப்பிட்ட நோயின் பெயராக நம்மிடம் வந்தது. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் ஒரு நோயாளர் கூட்டத்தின்மேல் தீட்டின் சுமையை ஏற்றிவிட்டது. 1995-இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு தொழுநோயாளர், பார்வையற்றோர் என்னும் சொற்களை ஆண்டது நன்று. எனினும், இவ்வதிகாரங்களைப் போதிப்பவர் சொல்லை மாற்றுவதோடு நில்லாது, பொருளையும் விளக்கக் கடமைப்பட்டவர்.

யோவான் 9-ஆம் அதிகாரம் இவ்வரலாறு முழுவதையும் ஒரே நாளில் காட்டுகிறது எனலாம். சீடர் பாவத்தின் கணக்கைக் கேட்கின்றனர். ஆண்டவர் அக்கணக்கையே மறுக்கிறார். அயலார், பிச்சையெடுத்தவன் என்னும் அடையாளத்தை நீக்கி அம்மனிதனை அறிய இயலாமல் தடுமாறுகின்றனர். அதிகாரிகள் அவனை விசாரித்து ஏட்டைத் திருத்த மறுத்து வெளியே தள்ளுகின்றனர். நலம் பெற்றும் அவனுக்கு இடமில்லை. சிக்கல் அவன் கண்ணில் மட்டும் இருந்ததாயின் அவன் வெளியே தள்ளப்பட்டிருக்கமாட்டான். அவனைத் தேடிச் சென்று கண்டவர் ஆண்டவர் ஒருவரே.

மேவிபோசேத்தின் வரலாறும் கருதத்தக்கது. ஐந்து வயதில், போர்ச் செய்தி கேட்டு ஓடிய செவிலியின் கையிலிருந்து விழுந்து அவன் கால்கள் முடமாயின என்று 2 சாமுவேல் 4-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவனுடைய குறைக்குக் காரணம் அவனுடைய பாவமும் அன்று, விதியும் அன்று, அரசர்களின் போர். 9-ஆம் அதிகாரத்தின் இறுதியில் அவன் கால்கள் முன்போலவே இருக்கின்றன. அவனுடைய இடமோ அரசனின் பந்தி. குணமாக்குதல் நிகழாமலேயே இடம் மாறக்கூடும் என்பதை நம் பிரசங்கங்கள் எத்தனை முறை எடுத்துரைத்துள்ளன?

7. திருச்சபையின் ஏடு

1975-இல் நைரோபியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம், ஊனமுற்றோரையும் உள்ளடக்காத திருச்சபை முழுமையற்றது என்னும் கருத்தை முன்வைத்தது. 1994-இல் அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லாண்டு, உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் நிலைத்திருந்தமையைச் சுட்டி, குறையற்ற உடலே கடவுளின் சாயல் என்னும் எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். இக்கருத்துகள் நம் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் சேகரத்தின் அன்றாட ஏடுகளை அவை எட்டினவா என்பதே வினா.

நம் குடும்பப் பதிவேடுகளில் ஒருவர் எப்பெயரால் எழுதப்பட்டுள்ளார்? நலமளித்த அற்புதங்களைப் படிக்கும் ஞாயிறன்று, பார்வையின்றியும் சக்கர நாற்காலியிலும் ஆலயத்தில் அமர்ந்திருப்போர் அப்பகுதியை எவ்வாறு கேட்கின்றனர்? அவர்கள் நம் இரக்கத்தின் எடுத்துக்காட்டுகளாக மட்டும் அங்கே இருக்கின்றனரா? தானம் பெறுவோரின் பட்டியலில் அவர்களின் பெயர் உண்டு. வாசகம் படிப்போர், சபைக் குழுவில் அமர்வோர், குருத்துவத்திற்குத் தேர்ந்துகொள்ளப்படுவோர் பட்டியலில் உண்டா? 2025-இல் தமிழகச் சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது. ஊராட்சியில் இடம்பெறுபவருக்குச் சபைக் கூட்டத்தில் இடமில்லையெனில், எந்த ஏடு நற்செய்திக்கு அருகில் உள்ளது?

பெருங்காமநல்லூர் மக்கள் நமக்குக் கற்பிப்பது, ஒரு பெயரைச் சுமப்பவரின் இசைவின்றி அதனை எழுதுவது வன்முறை என்பது. சீர்மரபினரின் நெடும்போராட்டம் கற்பிப்பது, அவர்களின் இசைவின்றி அதனை அழிப்பதும் மாற்றுவதும்கூடத் தீர்வாகாது என்பது. ஆகவே, எந்தச் சொல் சரியானது என்று நாம் நமக்குள் முடிவுசெய்யுமுன், அவர்களிடம் கேட்கவேண்டும். பர்திமேயுவிடம் ஆண்டவர் கேட்டதும் அதுவே. அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவனே கூறும்வரை அவர் எதையும் செய்யவில்லை. சுவிசேஷங்களில் நலம் பெற்றோர் பெரும்பாலும் பெயரற்றவராகவே வந்து போகையில், இவனுடைய பெயரை மாற்கு பாதுகாத்துத் தந்திருப்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆண்டவரின் தலைக்கு மேலும் அரசு ஒரு பெயரை எழுதிற்று. பிலாத்து மூன்று மொழிகளில் எழுதிய மேல்விலாசம் அது. திருத்தும்படி கேட்டபோதும் அவன் எழுதினதைத் திருத்த மறுத்தான். மூன்றாம் நாள் கல்லறையருகே நின்ற பெண் ஆண்டவரை அறிந்துகொண்டது அந்த விலாசத்தைப் படித்தன்று. அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார், அவள் அறிந்துகொண்டாள். மேல்விலாசங்களை எழுதுவோரின் அருகிலா, பெயர் சொல்லி அழைத்தவரின் அருகிலா, எங்கே நிற்கிறோம் என்பதை நம் சபைகளின் ஏடுகளே கூறும்.